தெர்மோவுக்கு வாரப் பயிற்சித் தாள்: கேள்வி எழுதுவது முதல் திருத்துவது வரை

மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டுக்குத் தெர்மோடைனமிக்ஸ் எடுக்கும் ஆசிரியர்களுக்கானது இது. அறுபது பேர் உள்ள செக்‌ஷன், ஐந்து யூனிட், இரண்டு இன்டர்னல், கையில் ஸ்டீம் டேபிள் (நீராவியின் பண்புகளைத் தரும் அட்டவணை) என்ற வழக்கமான நிலையை வைத்து எழுதியது. வேறு கடினமான பாடம் எடுப்பவர்கள் எடுத்துக்காட்டுகளை மாற்றிக்கொள்ளலாம். படிகளின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

வாரம் ஒரு தாள் கொடுத்தும் பயனில்லை என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பழைய பல்கலைக்கழகக் கேள்வித்தாளிலிருந்து பத்துக் கணக்கை எடுத்துக் கொடுக்கிறார்கள், மாணவர்கள் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள், ஆசிரியர் டிக் போட்டுத் திருப்பித் தருகிறார். யார் எதைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பது யாருக்குமே தெரிவதில்லை.

1. கேள்விக்கு முன் தவறுப் பட்டியல்

முதல் வேலை கேள்வி எழுதுவதல்ல. போன செமஸ்டர் இன்டர்னல் விடைத்தாள்களில் முப்பது, நாற்பதை எடுத்து, மதிப்பெண்ணைப் பார்க்காமல் எந்த வரியில் கணக்கு திசைமாறியது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய தாள் கிடைக்காத புது ஆசிரியர், அந்தப் பாடத்தில் அரியர் வைத்திருக்கும் நான்கைந்து பேரை அழைத்து ஒரு கணக்கைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போடச் சொன்னால் போதும்.

பட்டியல் நீளமாக வராது. தெர்மோவில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை இவை: செல்சியஸை அப்படியே வாயுச் சமன்பாட்டில் போடுவது, கேஜ் அழுத்தத்தை (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் உள்ளது) தனி அழுத்தமாக (வெற்றிடத்திலிருந்து அளப்பது) எடுப்பது, கிலோஜூலையும் ஜூலையும் கலப்பது, மூடிய அமைப்புக்கும் பாயும் அமைப்புக்கும் ஒரே சமன்பாட்டைப் போடுவது, வெப்பம் பரிமாறப்படாவிட்டால் என்ட்ரோபியும் (ஆற்றலின் சிதறலை அளப்பது) மாறாது என்று நினைப்பது.

வேலையின் குறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிளஸ் ஒன் இயற்பியலில் அக ஆற்றல் மாற்றம் என்பது வெப்பம் கழித்தல் வேலை என்று படித்திருப்பார்கள். வேதியியலில் அதுவே வெப்பம் கூட்டல் வேலை. இரண்டும் சரிதான், ஒன்றில் வேலை அமைப்பு செய்வது, மற்றதில் அமைப்பின் மீது செய்யப்படுவது. இரண்டையும் ஒரே தலையில் சுமந்துகொண்டு வரும் மாணவரிடம் "குறி பார்த்துப் போடு" என்றால் எதைப் பார்ப்பார்?

பட்டியலில் எட்டு முதல் பன்னிரண்டு தவறுகள் இருந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் ஓரெழுத்துக் குறி கொடுங்கள்: அலகுக்கு 'அ', அமைப்பின் எல்லைக்கு 'எ', குறிக்குக் 'கு', டேபிள் பார்ப்பதற்கு 'டே'. திருத்தும்போது இந்த எழுத்துகள்தான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

2. செமஸ்டர் தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

யூனிட்டுக்குப் பன்னிரண்டு வீதம் ஐந்து யூனிட்டுக்கு அறுபது கேள்விகள். எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதத் தேவையில்லை. முதல் இரண்டு யூனிட் கையில் இருந்தால் தொடங்கிவிடலாம்.

எல்லாருக்கும் ஒரே பதிப்பு ஸ்டீம் டேபிள். பதிப்புக்குப் பதிப்பு கடைசி இலக்கம் மாறும்; விடை சரியா தவறா என்ற வாக்குவாதத்தில் ஐந்து நிமிடம் போய்விடும்.

வாரத்தில் ஒரே நாள், ஒரே பீரியட், இருபது நிமிடம். கால அட்டவணையிலேயே அதைக் குறித்துவிடுங்கள். "போர்ஷன் முடிந்தால் வைக்கலாம்" என்று விட்ட தாள் மூன்றாவது வாரமே நின்றுபோகும்.

3. முதல் வாரம்: பாடத்தைத் தொடாத தாள்

முதல் தாளில் தெர்மோ இருக்கக் கூடாது. கால்குலேட்டரும் அலகும் மட்டும். அடிப்படையில் இருக்கும் ஓட்டையை இரண்டாம் யூனிட்டில் கண்டுபிடித்தால், அது என்ட்ரோபி புரியாததுபோலத் தோற்றமளிக்கும்.

இரண்டு கேள்விகள் கட்டாயம் வேண்டும். ஒன்று, இயற்கை மடக்கை. ஒரு கிலோ காற்று 300 கெல்வினில் மாறா வெப்பநிலையில் இரு மடங்காக விரிந்தால் வேலை எவ்வளவு? சூத்திரத்தைத் தாளிலேயே கொடுத்துவிடுங்கள். சரியான விடை 59.7 கிலோஜூல். 25.9 என்று வந்தால் மாணவர் 'எல்என்' பொத்தானுக்குப் பதில் 'லாக்' பொத்தானை அழுத்தியிருக்கிறார். அந்தத் தவறு விடையை எப்போதும் 2.303 மடங்கு குறைத்துக் காட்டும், எனவே பார்த்தவுடனே பிடிபடும்.

இரண்டு, அடுக்கு. அழுத்த விகிதம் 8, தொடக்க வெப்பநிலை 300 கெல்வின், காமா (இரு வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதம்) 1.4, மீள்தன்மையுள்ள அடியாபேடிக் (வெப்பம் பரிமாறாத) அமுக்கம். விடை 543 கெல்வின். 492 என்று எழுதியவர் 0.4/1.4 என்ற அடுக்கை அடைப்புக்குறிக்குள் போடவில்லை. கால்குலேட்டர் 8-ஐ 0.4-க்கு உயர்த்தி, பிறகு 1.4-ஆல் வகுத்திருக்கிறது. இது ஒரு நிமிடத்தில் சரிசெய்யக்கூடியது. சரிசெய்யாமல் விட்டால் கேஸ் பவர் சைக்கிள் வரும்வரை கூடவே வரும்.

4. தவறான விடையும் தகவல் தரும்படி கேள்வி எழுதுதல்

முழு வேலையிலும் அதிக நேரம் பிடிப்பது இந்தப் படி. நேரம் செலவழிக்க வேண்டிய இடமும் இதுதான்.

ஒரு கேள்வியை எழுதியவுடன் சரியான விடையைக் கண்டுபிடியுங்கள். பிறகு பட்டியலிலுள்ள தவறுகளை ஒவ்வொன்றாக வேண்டுமென்றே செய்து, என்ன விடை வருகிறது என்று பாருங்கள். இரண்டு வெவ்வேறு தவறுகள் ஒரே விடையைத் தந்தால் எண்களை மாற்றுங்கள். தவறு செய்தும் சரியான விடையே வந்தால் அந்தக் கேள்வியைத் தூக்கி எறியுங்கள்.

டயர் கேள்வி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கேஜ் 2 பார் காட்டுகிறது, வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ். வண்டி ஓடியபின் 57 டிகிரி. கன அளவு மாறவில்லை, வளிமண்டல அழுத்தம் 1.013 பார். இப்போது கேஜ் என்ன காட்டும்?

அ) 2.20 பார்
ஆ) 2.30 பார்
இ) 3.31 பார்
ஈ) 4.22 பார்

சரியான விடை ஆ. 'அ' எழுதியவர் கெல்வினுக்கு மாற்றினார், ஆனால் கேஜ் அழுத்தத்தையே பெருக்கினார். 'இ' எழுதியவர் எல்லாம் சரியாகச் செய்து, கடைசியில் கேஜுக்குத் திரும்ப மறந்தார். 'ஈ' எழுதியவர் இரண்டையும் மாற்றவே இல்லை. நான்கு விடைகளும் நான்கு வெவ்வேறு மாணவர்களைக் காட்டுகின்றன. 'இ' எழுதியவருக்கும் 'ஈ' எழுதியவருக்கும் ஒரே விளக்கம் கொடுப்பது வீண்.

நீராவிக்கும் இதே முறைதான். 10 பார், உலர்வுப் பின்னம் (ஈர நீராவியில் ஆவியாக உள்ள நிறைப் பங்கு) 0.9; என்தால்பி (அக ஆற்றலோடு அழுத்தம், கன அளவின் பெருக்கலைக் கூட்டியது) எவ்வளவு? டேபிளில் நீரின் என்தால்பி 762.8, உலர்ந்த நீராவியின் என்தால்பி 2778.1, இரண்டின் வித்தியாசம் 2015.3 கிலோஜூல்/கிலோ. சரியான விடை 2576.6. உலர்ந்த நீராவியின் மதிப்பை மட்டும் 0.9-ஆல் பெருக்கினால் 2500.3. நீரின் மதிப்போடு அதையும் கூட்டினால் 3263.1. கடைசி விடை உலர்ந்த நீராவியின் என்தால்பியையே தாண்டிவிட்டது. ஈர நீராவிக்கு அது சாத்தியமே இல்லை. அதைக் கவனித்துத் தன் விடையைத் தானே அடிக்கும் மாணவர்தான் நமக்கு வேண்டும். ஆகவே கேள்வியின் கீழே ஒரு வரி சேருங்கள்: "உங்கள் விடை எந்த இரு எண்களுக்கு இடையில் இருக்க வேண்டும்?"

நாசில் (பாய்மத்தின் வேகத்தைக் கூட்டும் குழாய்) கேள்விகளில் 1000 விட்டுப்போவது தீராத வியாதி. என்தால்பி 3000-லிருந்து 2800 கிலோஜூல்/கிலோவாக இறங்குகிறது, நுழையும் வேகம் புறக்கணிக்கத்தக்கது என்றால் வெளியேறும் வேகம் 632 மீட்டர்/விநாடி. கிலோஜூலை ஜூலாக மாற்றாதவருக்கு 20 வரும். சாதாரண மோட்டார்பைக் எட்டிவிடும் வேகத்துக்கு நீராவி நாசில் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள், அடுத்த தடவை 1000 விட்டுப்போகாது.

எண்ணே இல்லாத கேள்வியும் வேண்டும். வெப்பம் புகாத, விறைப்பான பாத்திரம், நடுவே தடுப்பு. ஒரு பக்கம் ஒரு கிலோ காற்று, மறுபக்கம் அதே கன அளவுள்ள வெற்றிடம். தடுப்பு உடைகிறது. வேலை, வெப்பநிலை, என்ட்ரோபி: எது கூடும், எது குறையும், எது மாறாது? வேலை பூஜ்யம், காற்றை இலட்சிய வாயுவாகக் கொண்டால் வெப்பநிலை மாறாது, என்ட்ரோபி 0.199 கிலோஜூல்/கெல்வின் கூடும். வகுப்பின் முதல் மாணவர்களும் மூன்றாவதில் "மாறாது" என்று எழுதக்கூடிய கேள்வி இது.

5. தாளின் அமைப்பு: ஐந்து கேள்வி, மூன்று காலம்

ஐந்துக்கு மேல் வேண்டாம். மூன்று கேள்வி இந்த வாரப் பாடத்திலிருந்து, ஒன்று இரண்டு வாரத்துக்கு முந்தையது, ஒன்று குறைந்தது ஒரு மாதம் பழையது. பழைய பாடத்தை மறக்கத் தொடங்கும் நேரத்தில் மீட்டெடுக்க வைப்பதுதான் நோக்கம். நேற்று நடத்தியதை இன்று கேட்டால் எல்லாருக்கும் வரும், அதனால் ஒன்றும் தெரியாது.

கேள்விகளைப் பாட வரிசையில் அடுக்காதீர்கள். எந்தக் கேள்வி எந்த யூனிட் என்று தலைப்பும் போடாதீர்கள். "நாசில்" என்று தலைப்பிட்டுக் கொடுத்தால் எந்தச் சமன்பாடு என்ற முடிவை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். தேர்வில் அந்த முடிவுதான் கடினம்.

கலந்து கொடுத்தால் வாரத் தாளில் மதிப்பெண் குறையும், அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். திடப்பொருள்களின் கன அளவு பற்றி ரோரர், டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் முதல் குழுவினர் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள்; கலந்து போட்டவர்கள் 63 எடுத்தார்கள். இதைத் துறைத் தலைவரிடமும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

6. புத்தம்புதுப் பாடத்துக்குப் பாதி போட்ட கணக்கு

மேலே சொன்னது ஏற்கனவே ஒருமுறை நடத்திய பாடத்துக்கு. ராங்கின் சைக்கிளை (நீராவி மின்நிலையத்தின் சுழற்சி) முதன்முதலாகப் பார்க்கும் வாரத்தில் முழுக் கணக்கைக் கொடுத்தால் பாதிப் பேர் வெறும் தாளைத் தருவார்கள். நான்கு நிலைகள், டேபிள், பம்ப் வேலை, டர்பைன் வேலை என எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மனத்தில் வைத்திருக்க முடியாது.

முதல் வாரம் முழுதாகப் போட்ட கணக்கைக் கொடுத்து, கடைசிப் படியை மட்டும் காலியாக விடுங்கள். அடுத்த வாரம் கடைசி இரண்டு படி. மூன்றாவது வாரம் நிலைகளின் என்தால்பி மட்டும் கொடுத்து மற்றதெல்லாம் அவர்கள் வேலை. நான்காவது வாரத்தில் வெறும் கேள்வி. காலியிடத்தைப் பின்னாலிருந்து முன்னால் கூட்டிக்கொண்டு வருவதற்குக் காரணம், எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது மாணவருக்கு எப்போதும் கண்ணில் தெரிய வேண்டும்.

7. வகுப்பில் இருபது நிமிடம்

முதல் பன்னிரண்டு நிமிடம் தனியாக, பேச்சில்லாமல், நோட்டு மூடியிருக்க வேண்டும். ஸ்டீம் டேபிளுக்கும் கால்குலேட்டருக்கும் மட்டும் அனுமதி. கணக்குக்கு முன் இரண்டு வரி கட்டாயம்: "என் அமைப்பு எது", "எது எல்லையைத் தாண்டுகிறது". ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் நிச்சயம், சந்தேகம், ஊகம் என்று ஒன்றைக் குறிக்க வேண்டும். "நிச்சயம்" என்று போட்டுத் தவறாக எழுதியவைதான் முதலில் கவனிக்க வேண்டியவை. ஊகித்துத் தவறியவருக்குத் தனக்குத் தெரியாது என்பது தெரியும்.

அடுத்த எட்டு நிமிடத்தில் ஐந்தையும் விளக்கப் போகாதீர்கள். எண்ணில்லாத கேள்வியை எடுத்து, விடைக்கு ஏற்ப விரல்களை உயர்த்தச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னவர்கள் சுமார் முப்பது சதவீதத்துக்கும் எழுபதுக்கும் இடையில் இருந்தால், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு இரண்டு நிமிடம் வாதிடச் சொல்லி மறுபடி கேளுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் எடுத்த எரிக் மசூரின் முறை இது. எழுபதுக்கு மேல் என்றால் ஒரு வரி சொல்லிக் கடந்துவிடலாம். முப்பதுக்குக் கீழ் என்றால் வாதிட விட வேண்டாம். தவறான விடையே பரவும், நீங்களே மறுபடி நடத்துவதுதான் வழி.

கரும்பலகையில் முழுத் தீர்வை எழுதும் ஆசையை அடக்குங்கள். எழுதத் தொடங்கியதும் அறுபது பேனாவும் நகலெடுக்க ஆரம்பிக்கும், யோசனை அந்த நொடியில் நின்றுவிடும்.

8. திருத்துவது: மதிப்பெண் வாரியாக அல்ல, தவறு வாரியாக

அறுபது தாளையும் முழுதாகத் திருத்தினால் இரண்டு வாரத்தில் சலித்துவிடும். வாரம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் வரிவரியாகப் பாருங்கள், மற்ற நான்குக்கு இறுதி விடை போதும். முதல் தவறு வரும் வரியில் அதன் எழுத்தைப் போட்டு நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே திருத்துவது மாணவரின் வேலை.

திருத்தியதும் எழுத்துகளை எண்ணுங்கள். 'அ' இருபத்திரண்டு, 'எ' பதினைந்து என்று வரும் கணக்கே அடுத்த தாளைத் தீர்மானிக்கிறது. அதிகம் வந்த தவறு அடுத்த வாரமே வேறு வேடத்தில் திரும்ப வர வேண்டும்: டயரில் வந்த கேஜ் அழுத்தம் அடுத்த முறை எல்பிஜி சிலிண்டரில் வரட்டும். அதே கேள்வியை எண் மாற்றிக் கொடுத்தால் கணக்கின் உருவத்தைத்தான் மனப்பாடம் செய்வார்கள்.

தாளை இரண்டு நாளுக்குள் திருப்பித் தர முடியாவிட்டால், விடையை மட்டுமாவது மறுநாள் சொல்லிவிடுங்கள். மூன்று வாரம் கழித்து வரும் தாளில் என்ன நினைத்து எழுதினோம் என்பதே மாணவருக்கு ஞாபகம் இருக்காது.

9. "எந்தச் சமன்பாடு?" தாள்

மாதத்துக்கு ஒருமுறை வழக்கமான தாளுக்குப் பதிலாக இது. எட்டுச் சூழ்நிலைகள், எண் கிடையாது, கணக்குப் போட வேண்டாம். திராட்லிங் வால்வு (பாய்வின் அழுத்தத்தைக் குறைப்பது), விறைப்பான தொட்டியில் சூடாகும் காற்று, டர்பைன், பிஸ்டன் உள்ள சிலிண்டர், நாசில், காலித் தொட்டியில் நிரம்பும் நீராவி போன்றவை. ஒவ்வொன்றுக்கும் அமைப்பு மூடியதா பாய்வதா, சமன்பாட்டில் எந்த உறுப்பு பூஜ்யம், ஏன் என்று ஒரு வரி.

தொட்டி நிரம்பும் கேள்வியைக் கண்டிப்பாக வையுங்கள். உள்ளே பாய்கிறது, வெளியே போகவில்லை; மாறாநிலைப் பாய்வுச் சமன்பாடு அங்கே செல்லாது. பாய்வு என்ற சொல்லைப் பார்த்ததும் அதையே எழுதுபவர்களை இந்த ஒரு கேள்வி பிரித்துக் காட்டிவிடும்.

10. வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால்

சாதாரணக் கணக்கை வீட்டுக்குக் கொடுத்தால் இரவு ஒன்பது மணிக்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தீர்வு வந்துவிடும். இப்போது செல்போனில் படம் பிடித்தால் தீர்வு சொல்லும் செயலிகளும் இருக்கின்றன. இதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை, கேள்வியை மாற்றுவதே வழி.

ஒன்று, ரோல் நம்பரின் கடைசி இலக்கத்தைக் கேள்விக்குள் கொண்டுவாருங்கள். உலர்வுப் பின்னம் 0.80-உடன் இலக்கத்துக்கு 0.01 வீதம் கூட்ட வேண்டும் என்றால் பத்து விதமான விடைகள் வரும். 10 பாருக்கு அவை 2375.0-இல் தொடங்கி 20.2 வீதம் ஏறும், எக்செல் தாளில் ஒரு நிமிட வேலை.

இன்னொன்று, தவறான தீர்வைக் கொடுத்துத் தவறைக் கண்டுபிடிக்கச் சொல்வது. ஆறு வரித் தீர்வு, அதில் ஒரே ஒரு தவறு, உங்கள் பட்டியலிலிருந்தே எடுத்தது. எந்த வரி, ஏன் தவறு, அந்தத் தவறால் விடை கூடுமா குறையுமா என்று எழுத வேண்டும். அடுத்த பீரியடில் யாரையாவது எழுப்பி அந்த வரியை விளக்கச் சொல்லுங்கள். பார்த்து எழுதியவர் அங்கே நின்றுவிடுவார்.

11. மதிப்பெண் எவ்வளவு?

கொஞ்சம். பூஜ்யமாக இருந்தால் எழுத மாட்டார்கள். அதிகமாக இருந்தால் காப்பியடிப்பார்கள், "நிச்சயம், சந்தேகம்" குறிப்பும் பொய்யாகிவிடும். கல்லூரி விதி இடம் கொடுத்தால் அசைன்மென்டுக்கு உரிய மதிப்பெண்ணில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்குங்கள். பாதி எழுதியதற்கு, பாதி தாள் திரும்பி வந்தபின் தன் தவறைத் தானே திருத்திக் கொடுத்ததற்கு. பன்னிரண்டு தாளில் சிறந்த பத்து மட்டும் கணக்கில் என்றால் காய்ச்சலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் தனித்தனியாக அனுமதிக் கடிதம் பார்க்க வேண்டியதில்லை.

இன்டர்னலுக்கு முந்தைய வாரம் தாளை நிறுத்தச் சொல்லிக் கேட்பார்கள். நிறுத்த வேண்டாம், அந்த வாரம் புதுப் பாடத்தை விட்டுவிட்டு ஐந்துமே பழைய கேள்வி என்றால் அதுவே தேர்வுத் தயாரிப்பாகிவிடும்.

12. செமஸ்டர் முடிந்ததும்

அறுபது கேள்விகளையும் ஒருமுறை அலசுங்கள். எல்லாரும் சரியாகப் போட்ட கேள்வியை முதல் வாரத் தாளுக்கு மாற்றலாம். நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு மற்றவர்கள் சரியாகப் போட்ட கேள்வியில் பெரும்பாலும் வாசகத்தில்தான் கோளாறு. "வெப்பம் தரப்படுகிறது" என்று எழுதி யாருக்கு என்று சொல்லாமல் விட்டிருப்பீர்கள். நீங்கள் எதிர்பார்க்காத தவறான விடை ஐந்து பேருக்கு மேல் வந்திருந்தால், அவர்களில் ஒருவரை அழைத்து எப்படி வந்தது என்று கேட்டுப் பட்டியலில் புது எழுத்தாகச் சேருங்கள். அடுத்த ஆண்டு வேறு ஆசிரியர் இந்தப் பாடத்தை எடுப்பதாக இருந்தால், கேள்விகளோடு இந்தப் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள்.